மலையில் அழும் போன்

டொக்டர் கொடுத்த படிவம் ஒரே மழையில் கரைந்துபோனது.

அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நேரம், குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, அடக்க முடியாமல் அவசரமாக வந்ததா, உடையில் கசிந்ததா. மூன்று நாள் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அத்தைக்கு எழுதத் தெரியாது. கோடு போட்டால் போதும், இரவில் நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, படிவத்தை மடித்து ஒரு பென்சிலோடு கொடுத்தேன். அத்தை அதை மலைக்குக் கொண்டுபோனார். மாலையில் சட்டைக்குள்ளிருந்து எடுத்தபோது அது ஒரு மாவு உருண்டையாக இருந்தது.

"மழ தம்பி," என்றார். அவ்வளவுதான்.

அத்தை என் மனைவியின் அம்மா. பெயர் சிசிலி. வயது ஐம்பத்து நான்கு. லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார். அதே தோட்டத்துக்குக் கீழே இருக்கும் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் மனைவி நிரோஜினி 2008 டிசம்பரில் இறந்தாள். வயிற்றில் ஏழு மாதம். இரத்த அழுத்தம் என்றார்கள். பிள்ளையும் தங்கவில்லை. அதன் பிறகு அத்தை என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் நான், அடுப்புப் பக்கம் அவர். காலையில் தேநீர், இரவில் ரொட்டி. பேச்சு குறைவு.

அவருக்கு இந்தத் தொந்தரவு இருப்பது நிரோஜினிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஜூலையில் ஒரு ஞாயிறு, பூசை நடுவில் அத்தை எழுந்து வெளியே போனார். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கொடியில் தினமும் மூன்று நான்கு பாவாடைகள் தொங்கின. மழைக்காலத்தில் அவை காயவும் இல்லை. சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் வரைகிறவன் நான். அந்தக் கொடியைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது.

கிளினிக்கில் டொக்டர் ஒரு சிங்களப் பெண். நான் மொழிபெயர்த்தேன். இருமினால் கசிகிறதா, சிரித்தால் கசிகிறதா, இரவில் எத்தனை தடவை. மருமகன் வாயால் மாமியாரிடம் கேட்கும் கேள்விகள் அல்ல அவை. அத்தை சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"ஒபரேஷன் தேவையா, பயிற்சியும் மாத்திரையும் போதுமா என்று மூன்று நாள் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்லலாம்," என்றார் டொக்டர்.

திரும்பும் வழியில் நானுஓயாவில் அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். அத்தை குடைக்குள் நின்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அங்க படுக்க மாட்டேன் தம்பி. நிரோஜினியவும் கத்தி வைக்கத்தான் உள்ள கொண்டு போனாங்க. என்னய அங்க விட்டுட்டு வந்துறாதீங்க."

"எழுதிக் காட்டுனா வெட்டாமப் பாக்கலாமாம் அத்தை."

"அப்ப எழுதுங்க."

அந்த எழுத்துத்தான் உருண்டையாகிவிட்டது.

*

கணித ஆசிரியர் கஜதீபன் யாழ்ப்பாணத்துக்காரர். நியமனம் கிடைத்து வந்து மூன்று வருஷம். பாடசாலையில் மடிகணினி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். போனில் ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் எல்லோரும் அவரிடம் போவோம். இடைவேளையில் என் போனைக் கொடுத்தேன்.

"என்ன வேணும் கிறிஸ்டியன்? கேமோ, பாட்டோ?"

"ஒரு ஆள் என்ன குடிக்கிறாங்க, எத்தன தடவ ஒண்ணுக்குப் போறாங்கன்னு பதியணும் சார். அதுக்கு ஏதாச்சும் அப்ளிகேஷன் இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆருக்கு?"

எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் படிக்கிறார்கள். ஆசிரியர் அறையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் அது மலைக்குப் போய்விடும்.

"எனக்குத்தான்."

"இந்த வயசிலயோ?" சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தேத்தண்ணியைக் குறையும் ஐசே. இந்தக் குளிருக்கு நானே ரெண்டு மடங்கு போறன். நான் என்ன டயறியோ எழுதுறன்?"

பேசிக்கொண்டே தேடினார். முதலில் வந்தது ஒரு குறிப்பேடு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டவேண்டும். வேண்டாம் என்றேன். அடுத்தது பெண்களின் மாதக் கலண்டர். திறந்த வேகத்திலேயே மூடினார். மூன்றாவதில் ஒரு கண்ணாடிக் குவளைப் படம் இருந்தது. நாளைக்கு எட்டுக் குவளை தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்டுவது.

"இது உள்ள போறதை மட்டும்தான் எண்ணுது. வெளிய வாறதுக்கு இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் வச்சு என்னெண்டு சமன்பாடு எழுதிறது?"

நான்காவதைத் திறந்ததும் உற்சாகமானார்.

"இஞ்ச பாரும். எல்லாம் படம். போத்தல், துளி, நப்பி. போத்தலை அமத்தினால் குடிச்ச அளவு. துளி எண்டால் போனது. நப்பி எண்டால் நனைஞ்சது. உமக்கு வேண்டிய மூண்டும் இருக்கு. குழந்தைப் பிள்ளையளுக்கு…"

நிறுத்திக்கொண்டார்.

"சொறி கிறிஸ்டியன். நான் யோசிக்கேல்லை."

"பரவாயில்ல சார். அதையே போடுங்க."

படங்கள் இருப்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அத்தைக்கு எழுத்து வராது. இலக்கம் வரும். பத்தடி தள்ளி நின்று தராசு முள்ளைப் படிப்பார்.

மணி அடித்த பிறகும் நான் அங்கேயே இருந்தேன். அப்ளிகேஷன் குழந்தையின் பெயர் கேட்டது. சிசிலி என்று கொடுத்தேன். பிறந்த திகதி கேட்டது. 1955 என்று கொடுத்தால் ஏற்கவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட எவரையும் அது குழந்தையாக எடுத்துக்கொள்ளாது. ஏதாவது ஒரு திகதி கொடுக்க வேண்டியிருந்தது. 2009 பெப்ரவரி பன்னிரண்டு என்று போட்டேன். நிரோஜினிக்கு டொக்டர் சொல்லியிருந்த திகதி. வேறு திகதி எதுவும் அப்போது எனக்கு வரவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் என்று திரையில் வந்தது.

*

தலவாக்கலையில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கினேன். அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனைக் காட்டினேன். போத்தல், துளி, நப்பி. பிறகு இலக்கம். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நிக்கணும்?"

"அப்பிடி ஒண்ணுமில்ல அத்தை. எவ்வளவு வருதோ அது."

"இல்ல, ஒரு அளவு இருக்குமே."

நான் களைத்திருந்தேன். "சாதாரணமா ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டர் போகும்," என்றேன். "டொக்டர் பாத்து முடிவு பண்ணுவாங்க."

"அதான பாத்தேன்," என்றார். கோப்பையைச் சேலைத் தலைப்பில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், சொல்லிவிட்டார். காய்ச்சலோடும் மலைக்குப் போகிறவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் எதையும் ஏன் என்று கேட்கவில்லை. பாடசாலை விட்டு வரும்போது தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. பீலிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். இரவில் அதுவும் காலி. மறுபடி நிரப்பினேன்.

படிவம் இன்னொன்று வாங்கி வைத்திருந்தேன். போனிலிருந்ததை அதில் எழுதினேன். எழுதும்போது கூட்டிப் பார்க்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் கூட்டினார்.

"நான்கு லீட்டர் எண்ணூறு. அடுத்த நாள் ஐந்து லீட்டர். மூன்றாம் நாளும் ஐந்து." பேனாவை வைத்தார். அத்தையின் விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். சீனி இல்லை. டொக்டர் முகம் மாறியது. "இது கசிவு மட்டும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. வார்ட்டில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கிழமையாவது. இன்றைக்கே கட்டில் கேட்கிறேன்."

வார்ட் என்ற சொல் அத்தைக்குப் போதும். கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். கிளினிக்கில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னுங் கொறைச்சலாவா இருக்கு தம்பி?"

"என்ன கொறைச்சல்?"

"ஒன்றர லீட்டர்னு சொன்னீங்க. கழிச்சிருவாங்கன்னு ரெண்டு மடங்கு குடிச்சேன். அதுக்கு மேலயுங் குடிச்சேன். வயிறு வெடிக்கிற மாதிரி இருந்திச்சு. அப்பயும் அரப்பேருதானா?"

நாளுக்குப் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். குறைந்தால் அரைப்பேர். பதினாறு என்றால் பதினெட்டுப் பறிக்கவேண்டும். சாக்குக்கும் இலையிலிருக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். முப்பத்தெட்டு வருஷமாக அத்தை நிறுத்துக் கொடுத்ததெல்லாம் அப்படித்தான். நான் கோடு போட்ட கோப்பையைக் கொடுத்து, ஒரு அளவும் சொல்லி, முடிவு பண்ணுவார்கள் என்றும் சொல்லியிருந்தேன். அவர் அளவை எட்டினார். கழிவுக்கும் சேர்த்து எட்டினார். முழுப்பேர் விழுந்தால் வெட்டமாட்டார்கள்.

இதை நான் சிங்களத்தில் டொக்டருக்குச் சொல்லவேண்டியிருந்தது. நேரம் எடுத்தது. அரைப்பேருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தராசிலிருந்து தொடங்கினேன். வெளியே நோயாளிகள் முணுமுணுத்தார்கள். டொக்டர் இடையில் ஒரு தடவை சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை.

"அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் கழிப்பதில்லை. குறைந்தால் பிழையும் இல்லை. வேலை நாள் மூன்று வேண்டும். வழக்கமாகக் குடிப்பதைத்தான் குடிக்கவேண்டும். பொய்யாக எதையும் அமுக்கக் கூடாது."

படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

*

திங்கட்கிழமை போனைப் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தேன். மாலையில் அத்தை வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்க்காமலே வாசலில் நின்றார். கொழுந்துச் செடி கிழிக்காமல் இருக்கக் கட்டும் தடித்த சாக்கு அது. எது நனைந்தாலும் வெளியே தெரியாது.

"தம்பி, இந்தப் போனு அழுவுது."

"அழுவுதா?"

"புள்ள மாதிரி. ங்கா ங்கான்னு. பதினொன்னே முக்கா இருக்கும், ஆளுக்கொரு நெற புடிச்சு வரிசையா நிக்கிறோம், அழுவ ஆரம்பிச்சிருச்சு. மாயாண்டிக் கங்காணி அங்கருந்து கத்துறாரு, 'எவடி புள்ளயத் தூக்கிட்டு மலைக்கு வந்தது?'ன்னு. இந்த லெட்சுமி இருக்காளே, 'சிசிலி அக்காவுக்குத்தான் புள்ள, இந்த வயசுல பெத்துருச்சு'ங்கிறா. மல பூராச் சிரிப்பு."

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. குழந்தை ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழிக்கவில்லை. இது சாதாரணம் அல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"துளிய அமுக்குனா நின்டுரும்னு தெரியும்," என்றார். "பொய்யா அமுக்கக் கூடாதுன்னாங்களே. துணியில சுத்தி சாக்குக்குள்ள போட்டேன். கொழுந்துக்கு அடியில கெடந்து கத்துச்சு."

"போயிருக்கலாமே அத்தை."

"எங்க போறது? படங்க அவுக்கணும், மழச்சட்டயக் கழட்டணும், கீழ ஓடைக்கு எறங்கணும். அட்ட கடிக்கும். நெற விட்டுப்போகும். கங்காணி கேப்பாரு. எல்லாரும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கோம். அதுக்குத்தான காலையில ஒரு கோப்பத் தேத்தண்ணிக்கு மேல குடிக்கிறதில்ல."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே என் கையில் அது மறுபடி அழுதது. பசியில் அழும் குழந்தையின் சத்தம். எங்கேயோ யாரோ ஒரு வீட்டில் பதிந்து வைத்தது. நான் போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். பீலிக்கரையில் நின்றேன். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சத்தம் நின்ற பிறகு வந்தேன். அத்தை படங்கைக் கழற்றி, கோப்பையைக் கழுவி வைத்திருந்தார். துளிக்கு எதிரே அறுநூற்றைம்பது என்று இருந்தது. நப்பியையும் ஒரு தடவை அமுக்கியிருந்தார்.

மூன்று நாளும் அப்படியே. காலை ஐந்து நாற்பது. பிறகு மாலை ஐந்தரை. நடுவில் ஒன்றுமில்லை.

டொக்டர் அந்த வெற்று இடத்தில் பேனாவால் ஒரு நீளமான கோடு இழுத்தார். "பன்னிரண்டு மணித்தியாலம்," என்றார். "எத்தனை வருஷம்?"

அத்தையிடம் கேட்டேன். அத்தை விரலை மடக்கவில்லை. "வேலைக்கு வந்த நாள்லேருந்து."

டொக்டர் சொன்னவை இவை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும், போகவேண்டும். பகலில் தண்ணீர் குடிக்கவேண்டும். சில பயிற்சிகள். இரண்டு மாதம் இதைச் செய்தால் கட்டுப்படும் என்று நினைக்கிறார். செய்ய முடியாவிட்டால் கட்டில் எழுதுவதைத் தவிர வழியில்லை. வேலைத்தளத்துக்கு ஒரு கடிதமும் தந்தார். அதை ஒபிசில் கொடுத்தேன். வாங்கி ஒரு கோவைக்குள் வைத்தார்கள்.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் இருந்தார். நானுஓயாவில் நாங்களாகவே இறங்கினோம்.

"மூணு மணிக்கொருக்கா," என்றார். "வீட்டுல இருந்தா முடியும்."

*

அப்ளிகேஷனில் ஆறு மணித்தியாலத்தை மூன்றாக மாற்ற முடிந்தது. சத்தத்தையும் மாற்றலாம். மணி, பறவை, குழந்தை. நான் மணியை வைத்தேன். அத்தையிடம் கேட்கவில்லை.

முதல் நாள் மாலை அத்தை போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். இரண்டாம் நாளும் அப்படியே. கொடியில் பாவாடைகள் குறையவில்லை. மூன்றாம் நாள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அந்தப் பழைய சத்தத்தையே வச்சுத் தர முடியுமா தம்பி?"

"ஏன், இது கேக்கலயா?"

"கேக்குது. மணி அடிச்சா கங்காணி விட மாட்டேங்கிறாரு. 'என்ன, இங்க ஸ்கூலா நடக்குது? மணி அடிச்சா எல்லாரும் எந்திரிச்சுப் போறதுக்கு?'ங்கிறாரு. நின்டுக்கிட்டேன். ரெண்டு நாளும் நனஞ்சு போச்சு."

"கடுதாசி குடுத்தோமே."

"அது ஒபிசுல இருக்கு. மலையில கங்காணிதான." கொஞ்சம் நிறுத்தினார். "புள்ள அழுதா விடுவாரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பால் குடுக்கிற பொம்பளைங்கள விடுவாங்கல்ல. பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் கைப்புள்ளைங்கள விட்டுருக்கிற புள்ளக் காம்பராவுக்குப் போய்ட்டு வருவாங்க. அந்தக் காலத்துலருந்து உள்ளது. யாரும் தடுக்க முடியாது. நானும் நிரோஜினிக்குப் போயிருக்கேன். அன்னைக்கு இது அழுதப்போ மாயாண்டியே சிரிச்சுக்கிட்டு, 'போ சிசிலி, போயி பாலக் குடுத்துட்டு வா'ன்னாரு. நாந்தான் வெக்கப்பட்டுக்கிட்டுப் போகல." அவர் குரல் மாறவில்லை. "லெட்சுமியும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து வாறோம்னு சொல்றாங்க. புள்ளயப் பாக்கவாம். அவளுங்களும் அடக்கிக்கிட்டுத்தான இருக்காளுங்க."

ரொட்டியை மூடி வைத்தேன். போனை எடுத்தேன். குழந்தைக்கு ஆறு மாதமும் பதினெட்டு நாளும் என்றது. சத்தம் என்ற இடத்துக்குப் போய் மணியை எடுத்துவிட்டேன். மூன்றாவதைத் தெரிந்தெடுத்தால் அது ஒரு தடவை முழுவதும் ஒலித்துக் காட்டும். இடையில் நிறுத்த வழியில்லை.

அது அழுதது. அத்தை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போகவில்லை. இருபது விநாடி இருக்கும். கூரையில் மழை இருந்தது. சத்தம் அதையும் தாண்டிக் கேட்டது.

நின்ற பிறகு கேட்டேன்.

"இந்தச் சத்தம் போதுமா அத்தை?"

"இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க தம்பி. மலையில காத்து."

கூட்டினேன்.